ஆஸ்பத்திரி லைன் வீடு

டிவி தொடரில் டாக்டர் கிரேட்டா முள்வேலியைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் ஒடால்மிஸின் கூடம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

"அடிப்பாவி, போறாளே!" என்றாள் பக்கத்து வீட்டு மிக்டாலியா. மடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசித் தட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

தொடரில் உலகம் அழிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் கிடையாது, மருந்து கிடையாது, பஸ் கிடையாது. இவர்கள் இருக்கிற ஒல்கின் ஊரிலும் அதே கதைதான், அதனால் இதற்கெல்லாம் யாரும் அசரவில்லை. டப்பாவில் அடைத்த பீச் பழத்தை வழித்துத் தின்றுகொண்டே பசி பசி என்று அழுகிறார்களே என்று கிழவர் எவேலியோவுக்கு முதல் வாரமே கோபம். இவ்வளவு அழிவிலும் அந்தப் பெண்களுக்கு ஷாம்பு எங்கே கிடைக்கிறது என்பது மிக்டாலியாவின் கவலை. அவள் கடைசியாக ஷாம்பு பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது.

ஆனால் தொடரில் வரும் ஆட்களை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

எவேலியோவுக்குத் தாடிக்காரனைப் பிடிக்கும். கம்பித் துண்டு ஒன்று கிடைத்தால் போதும், எதையும் ஓடவைத்துவிடுவான். மிக்டாலியாவுக்கு வில்லன் கர்னல். கொடுமைக்காரன்தான், இருந்தாலும் அவன் முகாமில் ரொட்டி சொன்ன நேரத்துக்கு வருகிறது.

கிரேட்டாவைப் பிடிக்காதவர்களே இல்லை. யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டாள் அவள்.

இன்று, இந்த சீசனின் கடைசிப் பகுதியில், போய்விட்டாள். பொழுது விடியும் முன்பே, ஒருவரையும் எழுப்பாமல்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவா?" எவேலியோ திரையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"சொன்னா விட்டுருவீங்களாக்கும்! காலைக் கட்டிக்கிட்டு அழுற முதல் ஆளு நீங்கதான்" என்றாள் மிக்டாலியா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒடால்மிஸும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விமானம். ஸ்பெயினில், லாஸ் பல்மாஸில் இருக்கிற தங்கை டிக்கெட் அனுப்பியிருந்தாள். வீட்டையும் சாமான்களோடு பயாமோ ஊர்த் தம்பதி ஒன்றுக்கு விற்றாகிவிட்டது. தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பயணத்தை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போகும். இது அந்தத் தெருவே நம்புகிற விஷயம். ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பி, விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவர்களின் கதை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

ஒடால்மிஸுக்கு அது நல்ல சாக்காகவும் போயிற்று. என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

தெருவில் காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. அவள் வீடு மட்டும் பிரசவ ஆஸ்பத்திரி லைனில் இருந்தது. அந்த லைனை அணைக்கமாட்டார்கள். எந்தக் காலத்திலோ எவனோ ஒரு லைன்மேன் ஒரு கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன புண்ணியம். அதைப் பற்றித் தெருக்காரர்கள் வாயே திறப்பதில்லை.

அதனால்தான் வாராவாரம் புதுத் தொடர்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருகிற ஆள் வந்துபோனதும், ஞாயிறு மதியம் அவரவர் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். போகும்போது மறக்காமல் தூக்கிக்கொண்டு போவார்கள். நாற்காலியை நம்பி விட்டுவைக்கிற காலமா இது?

அவளுடைய ஃப்ரிட்ஜில் மேல்தட்டு முழுக்க எவேலியோவின் இன்சுலின். சூடுபட்டால் வீணாகிவிடும். ஒடால்மிஸை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தட்டுதான்.

திரையில் கிரேட்டா பனியில் நடந்து நடந்து ஒரு புள்ளியாகிப் போனாள். பாட்டு வந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"துரோகி" என்றார் யாரோ பின்னாலிருந்து.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சட்டென்று எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

மிக்டாலியா தட்டைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். அரிசித் தவிடு ஒட்டிய உள்ளங்கையால் ஒடால்மிஸின் வாயை இறுகப் பொத்தினாள்.

"மூடுடி வாயை! செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கமாட்டியா? கெட்டுப்போகும்டி!"

எல்லோரும் ஓடுகிற பெயர்களை, அதில் தங்கள் சொந்தக்காரர் பெயர் வரப்போகிறது போல, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் இத்தனை நேரம் இவர்கள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்?

எவேலியோ எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மருந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். அவளைப் பார்க்காமல், பொதுவாகக் காற்றிடம் பேசினார்.

"பயாமோக்காரங்க நல்ல மாதிரிதான். மேல்தட்டை எனக்கே விட்டுத் தர்றாங்களாம். இந்தத் தொடர்தான் அவங்க பார்த்ததில்லையாம். முதல்லேர்ந்து கதை சொல்லணும், அதான் ரோதனை."

ஒடால்மிஸுக்கு மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் வலித்தது. அவள் இல்லாமல் இவர்கள் செத்துப்போவார்கள் என்றல்லவா ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தாள்!

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிக்டாலியா மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்து, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த தவிட்டை தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒடால்மிஸ் கதவைச் சாத்தத் திரும்பியபோதுதான் கவனித்தாள். கூடம் நிறைய நாற்காலிகள் அப்படியே கிடந்தன.

"நாற்காலியை விட்டுட்டுப் போறீங்களே!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"இருக்கட்டும்" என்றார் எவேலியோ, திரும்பிப் பார்க்காமல். "அடுத்த ஞாயிறு வரணும்ல."