வலப்பக்க மண்டை ஓடு

மகள் வான்மதி மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்துப்போனாள் என்று மருமகன் தீபக் சொன்னதைக் கலாவதி நம்பவில்லை.

ஹூஸ்டன் ஆய்வகத்தில், தவளைகளுக்கு முன்னோடியான ஆதி உயிர்களின் புதைபடிவ மண்டை ஓடுகளை ஒப்பிடுவது அவள் வேலை. அவனை அங்கே வரவழைத்து, திரையில் இரண்டு விரிசல்களைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“இடப்பக்கம் இருக்கறது இருபத்தெட்டு கோடி வருஷப் பழசுங்க மாப்பிள்ளை. விழுந்து உடைஞ்சது.”

“வலப்பக்கம்?”

“அது விழுந்ததில்லைங்க. பின்னாலிருந்து தாக்கியிருக்கு. ஆறு தடவை. மண்டை பிளந்து, துடிச்சு அடங்கற வரைக்கும் விடலை.”

தீபக் மேசையை எட்டி உதைத்தான். “பொய்! சுத்தியலால ஒரே ஒரு அடிதான் அத்தை! ஐ ஸ்வேர்!”

“ரெண்டுமே அந்தத் தவளைச் சாதிதானுங்க. வான்மதியோட ஸ்கேன் என்கிட்ட ஏதுங்க?” என்றபடி கலாவதி 911-ஐ அழுத்தினாள்.