முன்கூட்டி வெட்டிய குழி

ஒரு பிள்ளையின் விலை அறுபது சென்ட். ஓர் ஆப்பிள் கன்றுக்கு அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து இந்த அமெரிக்கப் புல்வெளிக்கு வந்து குடியேறிய நாள் முதல், பிள்ளை பிறந்தால் கன்று நடுவது ஷ்ரோய்டர் குடும்பத்து வழக்கம். வேலி வரை மூன்று தலைமுறை மரமாக நிற்கிறது. குழந்தையின் அழுகை காதில் விழுந்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும்.

இந்த வருடம் மழையில்லாமல் மண் கல்லாகிக் கிடந்தது. மனைவி ஹெட்விக்குக்கு வலி எடுத்ததுமே ஆகுஸ்ட் தோண்ட ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பா வெண்டலின் பதறி ஓடி வந்தார்.

“டேய், பிறக்கறதுக்கு முன்னாடி எவனாவது குழி வெட்டுவானா?”

“கன்னு வாடுதுப்பா. இந்த மண்ண வெட்டவே ரெண்டு நாளாகும்.”

“அதுக்கு? நீளத்தப் பாரு. கன்னுக்கு எதுக்குடா இவ்வளவு நீளம்?”

ஆகுஸ்ட் அப்போதுதான் பார்த்தான். குழி சவக்குழி போல நீண்டு கிடந்தது. “மண்ணு விட்டுக்கொடுத்த பக்கமா வெட்டிட்டே போயிட்டேன்.”

“மூடு.”

“முழுசா மூடினா பிள்ளையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்ப்பா.”

“சரி, பாதி மூடு.”

பேரம் படிந்தது. இருவரும் அவசரமாக மண்ணைத் தள்ளினார்கள். உள்ளே ஹெட்விக்கின் கதறல் சட்டென்று நின்றது.

“அப்பா, ஏதாவது கேக்குதா?”

“பேசாதடா.”

பாதிக் குழி, முழுக் கன்று. வரவேண்டிய அழுகை ஒன்று பாக்கி.