குறட்டை நாலு

கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால், இறந்துபோன மனைவி சேர்த்துவைத்த ஃபைல்களெல்லாம் வெள்ளைத் தாள்களாக மாறிக் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றை இன்னும் வெளுப்பாகக் காட்டுகிறது. “பார்சல் வந்திருக்குன்னு மெயில்ல உங்க அக்கா பேரு இருந்துச்சுடா. அதான் திறந்துட்டேன்” என்கிறார் கணவர். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மைத்துனன் இணைய வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறான். “வைரஸ் எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டிருச்சு அத்தான். அனுப்புனவன் சாவிக்குப் பணம் கேக்குறான். கொடுத்தாலும் திறப்பான்னு நம்ப முடியாது.” “பேரெல்லாம் அப்படியே இருக்கே?” “பேரு மட்டும்தான் இருக்கு.” அவருடைய விரல் ‘குறட்டை நாலு’ என்ற பெயரின்மேல் நிற்கிறது. “அக்கா ரெக்கார்ட் பண்ணின உங்க குறட்டையா? அதுக்கா இவ்வளவு கவலை? இன்னிக்கே நான் புதுசா ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்.” “அதுல கடைசி ரெண்டு செகண்ட் உங்க அக்கா சிரிப்பாடா. அவ குரல் வேற எதுலயும் இல்ல.” அவர் மவுசை மறுபடி அழுத்துகிறார். மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. அது திறக்காது என்று தெரிந்த மைத்துனன், கை நீட்டி ஸ்பீக்கரின் ஒலியைக் கடைசிவரை கூட்டுகிறான்.