கல்லின் முன்பக்கம்

மஞ்சள் பட்டுத்துணிக்குப் பின்னால் இருப்பது தன் பெயர் வெட்டிய கல்தானா என்று அவர் எட்டிப் பார்த்தார்.

தெரியவில்லை.

அழைப்பிதழ் வரவில்லை. வந்துவிட்டார். முன்னாள் நகராட்சித் தலைவரை வாசலில் தடுக்க யாருக்குத் தைரியம் உண்டு? யாருக்கும் அவரை அடையாளமே தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பூங்காவின் நடுவில் கண்காட்சி மண்டபம் புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றது. காய்கறிக் கண்காட்சி நடத்தி, பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு கொடுக்க வெள்ளைக்காரன் கட்டியது. சண்டைக் காலத்தில் அரிசி மூட்டை. பிறகு நூலகம். பிறகு நூலகத்துக்கு வந்த எலிகள். தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டி, ஆடி வந்தால் தள்ளுபடிச் சேலை. இவர் காலத்தில் கல்யாண மண்டபம்.

இன்று முதல் பாரம்பரியப் பண்பாட்டு மையம். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முறம் வைத்திருந்தார்கள். போன வாரம்வரை அதில் யாரோ அரிசி புடைத்திருக்கிறார்கள். தவிடு ஒட்டியிருந்தது.

ஒவ்வொரு முறையும் ஒரு ரிப்பன். ஒவ்வொரு முறையும் 'வரலாற்றுச் சிறப்புமிக்க'.

அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. வாசல் சுவரில் தன் பெயர் இருக்க வேண்டும். ஊரில் அது மிச்சமிருந்த ஒரே இடம்.

காண்ட்ராக்டர் குழந்தைசாமி குறுக்கே ஓடினான். பிடித்து நிறுத்தினார்.

"ஏப்பா, என் கல்லு எங்க?"

"அதே கல்லுதானுங்க தலைவரே. திருப்பிப் போட்டுக்கலாம்னு பார்த்தா, பின்னாடி எவனோ வெள்ளைக்காரத் தொரை பேரு. தேய்ச்சுப் பார்த்தோம், அசையலை. அத்தனை ஆழமுங்க. உங்க பக்கம் ஒரே தேய்ப்புல போயிருச்சு. அதுல மந்திரி பேரை வெட்டிட்டோம்."

ஆறுதல் சொல்வதுபோல்தான் சொன்னான்.

கல்லின் பின்னால் துரையின் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். கல்யாண மண்டபம் திறந்த அன்றைக்குக் கல்லைப் பேர்த்துத் திருப்பச் சொன்னவரே அவர்தான். புதுக் கல் என்று மேடையில் முழங்கவும் முழங்கினார்.

"காலத்தால் அழியாத இக்கல்வெட்டை..." என்றது ஒலிபெருக்கி.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. அமைச்சர் கயிற்றை இழுத்தார்.

துணி விழுந்தது.

ஆங்கில எழுத்துகள். விரல் நுழையும் ஆழம்.

அவசரத்தில் பதித்த கொத்தனார், லட்சணமாக இருக்கிற பக்கம்தான் முன்பக்கம் என்று நினைத்துவிட்டார். நியாயந்தான்.

அமைச்சர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கல்லைப் பார்க்கும் வழக்கம் அமைச்சர்களுக்குக் கிடையாது. கூட்டம் கை தட்டியது. துணி விழுந்தால் தட்ட வேண்டும். அது தெரிந்த கூட்டம்.

குழந்தைசாமியின் முகம் மட்டும் வெளுத்தது. தூரத்திலிருந்தே முன்னாள் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

அவர் கல்லருகே போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துரையின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அன்று திருப்பச் சொன்னபோது வாசிக்கவில்லை.

பிறகு அவரும் கை தட்டினார்.

கூட்டம் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.