பன்னிரண்டாவது ஆள்

“பதினோரு பேர்தான் சேர்ந்திருக்காங்க. ஒன்பது மணிக்குள்ள பன்னிரண்டாவது ஆள் வரலேன்னா வகுப்பு ரத்து. எங்கிட்ட கண்ணைக் கசக்கிப் பிரயோஜனம் இல்லை” என்றாள், பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ட்ரூடி.

வெர்லீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு இருபது.

அந்தச் சமுதாயக் கல்லூரியில் மற்ற இயற்கணித வகுப்புகள் எல்லாம் வாரநாள் பகலில். முதியோர் இல்லத்தில் பகல் வேலை பார்ப்பவளுக்கு இந்தச் சனிக்கிழமை வகுப்பை விட்டால் வேறு கதி இல்லை. இதில் தேறினால் ஆகஸ்டில் நர்ஸ் படிப்புக்கு இடம். இல்லாவிட்டால் நாற்பத்தேழு வயதுக்கு மேலும் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

“ஒரு ஆள்தானே? கொண்டு வரேன்” என்றாள். பழைய நாற்காலியைப் புதுசு என்று சொல்லாமலே புதுசு விலைக்கு விற்ற சந்தைக்காரரின் மகள் அவள்.

ஆனால் அன்று சந்தை மந்தம். வாசல் காவலர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “அந்தக் கணக்குல ரெண்டு தடவை விழுந்தவன்மா நான். மூணாவது தடவை விழ இடுப்புல பலமில்லை.” சிகை அலங்காரம் படிக்கும் பெண்ணோ, காதில் செருகியிருந்ததை எடுக்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பழைய கார். உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், உலகமே மூழ்கிவிட்ட முகத்துடன் டோனட் தின்றுகொண்டிருந்தார். வெர்லீன் கண்ணாடியைத் தட்டினாள்.

“சார், அல்ஜீப்ரா படிக்கிறீங்களா?”

அவருக்குப் புரையேறியது. “நானா?”

“நீங்கதான். நல்ல மூளைக்காரர் மாதிரி தெரியறீங்க.”

“மீசையில சர்க்கரையோட உட்கார்ந்திருக்கேன். என்ன மூளையைக் கண்டீங்க?”

“அதைத் துடைச்சுட்டா தெரியும். ஒரே ஒரு ஆள் குறையுது சார். நீங்க சேர்ந்தா வகுப்பு நடக்கும். இல்லேன்னா என் நர்ஸ் படிப்பு போச்சு.”

“ஏம்மா, என் வேலையே நிலைக்குமான்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன்...”

“அப்போ கட்டாயம் சேருங்க! அல்ஜீப்ரா படிச்சா நல்ல வேலை கிடைக்கும்.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் டோனட் சர்க்கரை பனி மாதிரி டாஷ்போர்டு முழுக்கப் படிந்தது. “அல்ஜீப்ரா படிச்சா... நல்ல வேலை!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, வாத்தியார் எப்படி?”

வெர்லீன் வாத்தியாரைப் பார்த்ததே இல்லை. அட்டவணையில் பெயர்கூடப் போட்டிருக்கவில்லை. ஆனால் குதிரையின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தால் குதிரையை எப்போது விற்பது?

“தங்கமானவர் சார்! அவர் சொல்லிக்கொடுத்தா கழுதைக்குக்கூட கணக்கு வரும்.”

“நிஜமாவா? யார் சொன்னாங்க?” காலரைச் சரிசெய்துகொண்டார்.

“ஊரே சொல்லுது. கொஞ்சம் வயசானவராம், ஆனா பார்க்க லட்சணமா இருப்பாராம்.”

“அது வேறயா!”

கொக்கி மாட்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசித் தள்ளுபடியை எடுத்து வைத்தாள். “நீங்க படிக்கக்கூட வேண்டாம். இன்னிக்குச் சேர்ந்து அடுத்த வாரம் விலகிடுங்க. கட்டின பணம் முழுசா திரும்ப வந்துடும். அதுக்குள்ள வகுப்பு ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் அவங்களால ரத்து பண்ண முடியாது.”

அவர் டோனட்டைக் கீழே வைத்தார். “இப்படி ஒரு விதி இருக்கா?”

“கையேட்டுல பதினாலாம் பக்கம்.”

“யார் வேணும்னாலும் சேரலாமா?”

“பதினெட்டு வயசு ஆகியிருந்தா போதும். உங்களுக்கு ஆகியிருக்கும்னு நம்பறேன்.”

“இத்தனை வருஷமா இது தெரியாமப் போச்சே!” என்று கார்க் கதவை அவர் திறந்த வேகத்தில் வெர்லீன் இரண்டடி பின்வாங்க வேண்டியிருந்தது. மறுபேச்சு பேசாமல் விலைக்கு ஒத்துக்கொள்ளும் ஆளைக் கண்டால் சந்தைக்காரர்களுக்கு லேசாகச் சந்தேகம் வரும். அவளுக்கும் வந்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை.

எட்டு ஐம்பத்து மூன்றுக்கு ஜன்னலில் விண்ணப்பம் நுழைந்தது. ட்ரூடி தலை நிமிராமல் கேட்டாள். “பெயர்?”

“டெல்பர்ட் ஹெய்ன்ஸ்.”

“மாணவரா?”

“ம்... இன்னிக்கு ஆமாம்.”

முத்திரை விழுந்தது. வெர்லீன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மிச்சமிருந்த சர்க்கரையும் உதிர்ந்தது.

“நீங்க முன்னால போங்க. கார்ல ஒரு பை இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்” என்றார் டெல்பர்ட்.

ஒன்பது மணி. வகுப்பறையில் பதினோரு பேர். வெர்லீன் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். ஒன்பது இரண்டு. ஆளைக் காணோம். வாத்தியாரையும் காணோம். சரக்கு கைமாறியதும் வாங்கியவன் ஓடிப்போன கதைகள் எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கதவு திறந்தது. டெல்பர்ட்! வெர்லீன் கைப்பையை எடுத்துவிட்டு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். “இங்கே, இங்கே! சீக்கிரம் உட்காருங்க சார், வாத்தியார் வந்துடப் போறார்.”

அவர் அவளைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். நாற்காலியைத் தாண்டி நடந்தார். பலகைக்கு முன்னால் பையை வைத்து, வருகைப் பட்டியலைப் பிரித்துப் பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “டெல்பர்ட் ஹெய்ன்ஸ்?” என்று பன்னிரண்டாவது பெயரையும் வாசித்து, தானே கையைத் தூக்கி, “வந்திருக்கேன் சார்” என்று குறித்துக்கொண்டார்.