நடுவில் ஒரு கவளம்

காகம் இறங்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. இலையைப் பார்த்தது. அதோடு சரி.

அவள் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா இன்னொரு முறை கா, கா என்று கூப்பிட்டாள். தொண்டை கட்டிவிட்டது.

தம்பிக்கு முதல் வருஷத் திவசம்.

அம்மா காலையிலிருந்து ஒற்றை ஆளாகச் சமைத்தாள். மகளை அடுப்புப் பக்கமே விடவில்லை.

"ஏட்டி, வாயில வச்சிராத. படைக்கதுல எச்சில் படக் கூடாது."

உப்புக்கூடப் பார்க்கவில்லை. கை நிதானம்தான்.

எச்சில் படாத சோறு. அதுவும் அவனுக்கு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அவனுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. அம்மா சோற்றில் விஷம் வைக்கிறாள் என்றது. டாக்டர் மனநோய் என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். குரல் தணிந்தது. கடைசிவரை ஒழியவில்லை.

அக்கா தின்று காட்டினால் சாப்பிடுவான்.

ஓரத்தில் கடித்தால் செல்லாது. விஷம் வைக்கிறவர்கள் ஓரத்தை விட்டுவிடுவார்களாம். இட்லி, தோசை, மாம்பழத் துண்டு, எதுவானாலும் நடுவில் கடிக்க வேண்டும்.

உளுந்த வடைக்கு நடு எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். அவன் வடையைத் தூக்கி, ஓட்டை வழியாக அவளைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். அது பழைய தம்பியின் சிரிப்பு.

கல்யாணத்தையும் அவள் அடுத்த தெருவிலேயே செய்துகொண்டாள். வேளாவேளைக்கு வந்து போக வேண்டுமே. உடம்பு பெருத்தது. மாமியார் ஜாடையாகப் பேசினாள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் விழுங்கியதும் அவன் உடனே கை வைக்க மாட்டான். முகத்தையே பார்ப்பான்.

ஒண்ணும் செய்யலயேக்கா என்பான்.

இல்லை என்று தலையாட்டுவாள். மறுபடியும் பார்ப்பான். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

ஒருமுறை மாத்திரையிலும் பாதியைத் தின்று காட்டச் சொன்னான். விழுங்கினாள். மறுநாள் மத்தியானம்வரை எழவில்லை. அக்காவைக் கொன்றுவிட்டார்கள் என்று வாசலில் நின்று தெருவையே கூட்டிவிட்டானாம். கண் விழித்தபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

அவளுக்காக வேறு யாரும் அப்படி அழுததில்லை.

போன ஐப்பசியில் நிமோனியாவில் போனான்.

அம்மா கூப்பிடுவதை நிறுத்தினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"இப்பவும் நான் வச்சா திங்க மாட்டான்."

வெயில் அதிகம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அவள் இலை முன்னால் குந்தினாள். சோற்றின் நடுவில் கை வைத்தாள். சாம்பாரோடு பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள்.

அம்மா தடுக்கவில்லை.

தொட்டியிலிருந்து பார்த்தால் முகம் தெரியும்படி அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் செய்யல" என்றாள். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெல்லக் குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காகம் தலையைச் சாய்த்தது.

இருவரும் காத்திருந்தார்கள்.

சோறு ஆறட்டும். அவன் என்றைக்கும் உடனே கை வைத்ததில்லை.