கோட்டுக்குள் வீடு

பதினாலடி அகல மனை, பின்னால் போகப்போக ஓராள் உயரத்துக்கு இறங்கியது. மயில்சாமி நான்காவது முறையாகத் திருத்திய வீட்டு வரைபடத்தைக் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்து முடித்ததும், எல்லாரும் வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகத்தான் உள்ளே போனார்கள். இல்லாத சுவரை மிதிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவன் மனைவி பூங்கொடி சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டாள். வாக்கரை ஊன்றி வந்த மயில்சாமியின் அப்பா, கூடத்துக்கு அப்பால் கிடந்த ஏழு கோடுகளின் முன்னால் நின்றுவிட்டார்.

“இது என்ன சாமி?”

“படிக்கட்டுங்கப்பா. படுக்கற ரூம், பாத்ரூம் எல்லாம் கீழதானுங்க. மேல கார் நிறுத்தவே சரியாப்போச்சு.”

அப்பா வந்த வழியே திரும்பி, காருக்குக் கோடு போட்டிருந்த இடத்துக்குப் போனார். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்து, வெறும் மண்ணில் கால் நீட்டி மல்லாந்து படுத்தார்.

கொத்தனார் பொடிச் சட்டியுடன் அவர் தலைமாட்டில் வந்து நின்றார். “ஐயாவச் சுத்தி ஒரு கோடு போட்டுரட்டுங்களா?”

மயில்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பூங்கொடி சமையலறைச் சுவரை மிதித்துக்கொண்டு நேராக வந்துகொண்டிருந்தாள்.